நஞ்சுண்ட நாயும் நழுவும் நேரமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மனிதன் முதன்முதலாகத் தன்னோடு சேர்த்துக்கொண்ட விலங்கு நாய். ஆடும் மாடும் குதிரையும் அதற்குப் பின்னர் வந்தவையே. ஜெர்மனி நாட்டில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு பழங்காலப் புதைகுழி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும் இருந்தனர். அந்தப் புதைகுழியின் வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது கடும் நோயுற்றுப் பல வாரங்கள் கிடந்திருக்க வேண்டும் என்றும், மனிதர் பேணாதிருந்தால் அத்தனை நாள் பிழைத்திருக்க முடியாது என்றும் 2018ஆம் ஆண்டு எழுதினர். நோயுற்ற நாயைப் பேணும் மனம் அவ்வளவு பழமையானது.

ஆனால் நாயின் வாய்க்கு எட்டும் பொருள்கள் இன்று புதியவையாகி விட்டன. எலி மருந்து, பூச்சி மருந்து, தலைவலி மாத்திரை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவையெல்லாம் அந்தப் பழங்காலக் குடும்பம் அறியாதவை. நாயும் அறியாது. உணவைச் சுவைத்து மென்று தின்பது நாயின் இயல்பன்று. முகர்ந்து பார்க்கும், பிடித்திருந்தால் விழுங்கிவிடும்.

இக்கட்டுரை மருத்துவம் கற்பிக்க வந்ததன்று. நாய் தின்னக் கூடாத ஒன்றைத் தின்றுவிட்டால், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியது எப்போது, வீட்டில் வைத்துக் கவனித்தால் போதுமானது எப்போது என்ற ஒரே வினாவுக்கு விடை காண்பதே இதன் நோக்கம். நம்மில் பலருடைய ஊர்களில் கால்நடை மருந்தகம் சில மைல்களுக்கு அப்பால் இருக்கிறது. நாயைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோ பிடித்தால் அதற்குப் பணம் வேண்டும். உடன் செல்பவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். எனவே போக வேண்டிய நேரத்தை அறிவது எவ்வளவு தேவையோ, போக வேண்டாத நேரத்தை அறிவதும் அவ்வளவு தேவை.

கேட்க வேண்டிய கேள்வி எது?

"எதையோ தின்றுவிட்டது. ஆனால் நன்றாகத்தானே ஓடியாடுகிறது? காலையில் பார்த்துக்கொள்ளலாம்." இந்தச் சொற்களை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். நாயின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்வது நமக்கு இயற்கையாகத் தோன்றுகிறது. ஆனால் நஞ்சைப் பொறுத்தவரை இந்த வழி தவறானது. வயிற்றில் இருக்கும் நஞ்சு இன்னும் இரத்தத்தில் கலக்கவில்லை என்பதால்தான் நாய் நன்றாக இருக்கிறது. அதை வெளியேற்றுவதற்கு ஏற்ற நேரமும் அதுவே. அறிகுறி தோன்றும்போது அந்த நேரம் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

ஆகவே "நாய் எப்படி இருக்கிறது?" என்பதற்கு முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எதைத் தின்றது? எவ்வளவு தின்றது? எப்போது தின்றது? நாயின் எடை என்ன? இந்நான்குக்கும் விடை தெரிந்தால் முடிவு பெரும்பாலும் தானே கிடைத்துவிடும்.

அளவும் எடையும்

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. நஞ்சியலின் அடிப்படை விதியும் இதுவே. நஞ்சின் அளவை விலங்கின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். இக்கணக்கை எட்டாம் வகுப்பு மாணவரும் போடலாம்.

சாக்லேட்டை எடுத்துக்கொள்வோம். அதில் தியோபுரோமின் என்னும் பொருள் உள்ளது. நம் உடல் அதை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தியும் அமைதியின்மையும் தொடங்கும். 40 முதல் 50 வரை சென்றால் இதயத் துடிப்பு கெடும். 60ஐ எட்டினால் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கிறது. கறுப்புச் சாக்லேட்டில் சுமார் 5, கோகோ தூளில் 20 அளவுக்கு உண்டு.

இப்போது 50 கிராம் பால் சாக்லேட்டை ஒரு நாய் தின்றதாகக் கொள்வோம். மொத்தம் 100 மில்லிகிராம். நாயின் எடை 20 கிலோ என்றால் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான். வயிறு சற்றுக் கலங்கலாமே ஒழிய உயிருக்கு அச்சமில்லை. அதே சாக்லேட்டை 3 கிலோ எடையுள்ள பொமரேனியன் தின்றால் கிலோவுக்கு 33 மில்லிகிராம். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதே 50 கிராம் கோகோ தூளாக இருந்து, 10 கிலோ நாய் தின்றிருந்தால் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அது உயிர் போகும் அளவு.

வெங்காயமும் இப்படித்தான். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் அத்தன்மை போவதில்லை. கிலோவுக்கு 15 கிராம் வெங்காயம் தின்றாலே இரத்தத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும். 10 கிலோ நாய்க்கு அது 150 கிராம். சாம்பார்ச் சோற்றில் கிடந்த இரண்டு சின்ன வெங்காயத்துக்காக யாரும் ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் உரித்து வைத்த கால் கிலோவைக் காலி செய்திருந்தால், அடுத்த சில நாள்களில் ஈறு வெளுத்துச் சிறுநீர் சிவக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

நாயின் எடை தெரியாதே என்பார்கள். மருந்துக்கடையில் உள்ள எடை பார்க்கும் இயந்திரத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறையும், தனியாக ஒரு முறையும் ஏறி நின்றால் போதும். கழித்து வருவதே நாயின் எடை. இதை ஒரு நல்ல நாளில் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையும் காய்ச்சலும்

நாம் விரும்பியே நாய்க்கு நஞ்சூட்டும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. மனிதனின் இயல்பான உடல் வெப்பம் 98.6 பாகை பாரன்ஹீட். நாயின் இயல்பான வெப்பமோ 101 முதல் 102.5 வரை. ஆகவே நலமான நாயைத் தொட்டாலும் நம் கைக்குச் சுடும். "காய்ச்சல் அடிக்கிறது" என்று வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுத்துவிடுகிறார்கள். நாய்க்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் அளவில் இம்மருந்து கல்லீரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 4 கிலோ குட்டிக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. பூனைக்கு இன்னும் கொடியது. அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவாதலால் ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும். மூட்டுவலிக்கு நாம் விழுங்கும் ஐபுரூபென் போன்றவை நாயின் குடலைப் புண்ணாக்கி, அளவு கூடினால் சிறுநீரகத்தையும் பாழாக்கும். மருத்துவர் சொல்லாமல் மனிதர் மாத்திரை எதையும் கொடுக்கலாகாது.

விரைந்து தாக்கும் நஞ்சுகள்

நஞ்சுகளை அவை தாக்கும் வேகத்தால் இரண்டாகப் பிரிக்கலாம். விரைந்து தாக்குபவை முதல் வகை.

வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்துகளில் ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை பல. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் அசெட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்ததும் ஒரு நொதி சிதைத்துவிடும். இம்மருந்து அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், சிறுநீரும் கழிச்சலும் தானாகப் போகும், தசைகள் துடிக்கும், முடிவில் மூச்சு நிற்கும். இவை சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் நடந்துவிடும். மாற்று மருந்தாகிய அட்ரோபின் கால்நடை மருத்துவரிடம் உண்டு. அங்கே போய்ச் சேர்வதுதான் நம் வேலை.

எலிக்கு வைக்கும் கருஞ்சாம்பல் நிறத் தூள் துத்தநாக பாஸ்பைடு. இது வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறுகிறது. கால் மணி முதல் நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்று வலி, தள்ளாட்டம், மூச்சுத் திணறல் தோன்றலாம். சில வேளை இன்னும் தாமதமாகலாம். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வீசும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சோறோ பாலோ கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி வாயு மேலும் உண்டாகும், கொடுக்கக் கூடாது. அந்த வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு மனிதருக்கும் தீங்கு. மூடிய அறையிலோ சன்னல் அடைத்த வண்டியிலோ நாயை வைத்திருக்கலாகாது.

அரளி நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் நிற்கும் செடி. செவ்வரளியின் எல்லாப் பகுதிகளும், மஞ்சள் அரளியின் விதையும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை. குட்டி நாய் இலையையோ காயையோ கடித்து மென்றிருந்தால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டால் நமக்குத் தீங்கற்றது. நாய்க்கோ அது இன்சுலினைப் பெருகச் செய்து, அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை வீழ்த்தித் தள்ளாடச் செய்யும்.

மறைந்திருந்து தாக்கும் நஞ்சுகள்

இரண்டாம் வகையே நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது. இதற்கு எடுத்துக்காட்டு, நிறமேற்றிய கட்டிகளாக விற்கப்படும் புரோமடயலோன் போன்ற எலி மருந்துகள்.

இவ்வகை மருந்து பிறந்த வரலாறு சுவையானது. 1920களில் அமெரிக்காவின் வட பகுதியிலும் கனடாவிலும் மாடுகள் சிறு காயத்திலேயே இரத்தம் நிற்காமல் இறந்தன. கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லே காரணம் என்பது தெரிந்தது. அதிலுள்ள பொருள் எது என்பது தெரியவில்லை. 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில உழவர் ஒருவர், பனிப்புயலுக்கிடையே நெடுந்தொலைவு வண்டியோட்டி மாடிசன் நகரில் கால்நடை மருத்துவரைத் தேடி வந்தார். அலுவலகம் மூடியிருந்தது. அருகே விளக்கெரிந்த உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். இறந்த கிடாரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், மாடு தின்ற புல்லையும் அவர் கொண்டு வந்திருந்தார். பேராசிரியர் கார்ல் பால் லிங்கும் அவருடைய குழுவினரும் ஆறாண்டுகள் உழைத்து 1939ஆம் ஆண்டு அந்தப் புல்லிலிருந்து டைகூமரால் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியே உருவான வார்ஃபரின் 1948ஆம் ஆண்டு எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. புரோமடயலோன் அதே வழியில் வந்த, அதைவிட வலிய மருந்து.

இது செயல்படும் முறையைப் புரிந்துகொண்டால் அதன் வஞ்சகமும் புரியும். இரத்தம் உறைவதற்கு வேண்டிய சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் 'கே'யின் துணையால் உண்டாக்குகிறது. இந்நஞ்சு அந்த வைட்டமின் மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுத்துவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதங்கள் இரண்டு மூன்று நாள்களுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே அந்நாள்களில் நாயிடம் எந்தக் குறையும் தெரியாது. கையிருப்பு தீர்ந்த பிறகு, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள், உடலின் உள்ளேயும் வெளியேயும் இரத்தம் கசியத் தொடங்கும்.

எங்கள் தெருவில் ஒரு நாய்க்கு இது நேர்ந்ததைக் கண்டேன். திங்கட்கிழமை எலிக் கட்டியைத் தின்றது. செவ்வாயும் புதனும் வழக்கம்போல் தெருவைக் காவல் காத்தது. வியாழன் மாலை மூக்கில் இரத்தம் வந்தது. "வெயில் சூடு" என்று மோர் ஊற்றினார்கள். வெள்ளியன்று காலை எழுந்திருக்கவே முடியாதபோதுதான் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து வைத்தீர்கள்? அட்டை எங்கே?" என்பதே. குப்பைமேட்டில் தேடி அட்டையை எடுத்து வர ஒரு மணி நேரம் ஆயிற்று. நாய் பிழைத்தது. ஊசியும், அதன் பின் நான்கு வாரம் வைட்டமின் கே1 மாத்திரையும் தேவைப்பட்டன. திங்கட்கிழமையே சென்றிருந்தால் வாந்தி எடுக்கவைத்து, இரத்தம் உறையும் நேரத்தை இரண்டு நாள் கழித்துச் சோதித்து, பெரும்பாலும் அதோடு முடித்திருக்கலாம் என்றார் மருத்துவர். முந்திச் செல்வது உயிரை மட்டுமன்று, பணத்தையும் காக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறைந்திருந்து தாக்குபவை இன்னும் சில உண்டு. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தின்ற நாய் முதலில் வாந்தி எடுக்கும். பிறகு தேறியதுபோல் தோன்றும். சில நாள் கழித்துக் கல்லீரல் பழுதாகி மஞ்சள் காமாலையோடு சாயும். இடையில் வரும் அந்தத் தெளிவை நம்பி இருந்துவிடக் கூடாது. ரோஜாச் செடிக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கை நாய் விரும்பித் தின்னும். எண்ணெயில் இறங்காத ரிசின் என்னும் கொடிய நஞ்சு புண்ணாக்கில் தங்கியிருக்கக்கூடும். அறிகுறி தோன்ற ஆறு மணி நேரமும் ஆகலாம், ஒன்றரை நாளும் ஆகலாம்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்கச் செய்கின்றன. எந்த நாய்க்கு எவ்வளவு தீங்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் பாதுகாப்பான அளவு என ஒன்றைக் குறிப்பதில்லை. இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என அமெரிக்க ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு கருத்துத் தெரிவித்தனர். புளியைத் தின்ற நாய்களுக்கும் அவ்வாறே சிறுநீரகம் பழுதானதை 2022இல் வெளியிட்டனர். புளியில் இந்த அமிலம் மிகுதி. புளி உருண்டையை நாய் தின்றுவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நஞ்சல்லாத பகை

தின்றது நஞ்சாக இல்லாமலும் உயிருக்கு ஊறு வரலாம். மாங்கொட்டை, மக்காச்சோளக் கட்டை, பெரிய எலும்புத் துண்டு, துணி, நூல் ஆகியவை குடலை அடைத்துவிடும். மாங்கொட்டை வயிற்றில் பல நாள் கிடந்து பிறகு நகர்ந்து அடைப்பதும் உண்டு. நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, குடித்த தண்ணீரும் தங்காமை, வயிற்றைத் தொட விடாமை, மலம் வராமல் முக்குதல் ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். ஒரு நாளைக்கு மேல் காத்திருந்தால் குடல் அழுகக்கூடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கலாகாது. உள்ளே குடலை அறுத்துவிடும்.

தின்றதை யாரும் பார்க்கவில்லை என்றால்?

அப்போது அறிகுறியே நமக்கு வழிகாட்டி. கீழ்க்கண்டவற்றில் ஒன்று தென்பட்டாலும் நேரம் பாராமல் புறப்பட வேண்டும்.

1. வலிப்பு, தசைத் துடிப்பு, தள்ளாட்டம், மயக்கம்.
2. மூச்சுத் திணறல். ஓய்வாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 30 முறைக்குள் மூச்சு விடும்.
3. ஈறு வெளுத்தல், நீலம் பாரித்தல், மஞ்சளாதல். நலமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும்.
4. வாந்தியிலோ மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், மூக்கில் இரத்தம்.
5. சில மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் வாந்தி.
6. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தல்.
7. சிறுநீர் வராமை.

ஒரு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாலையாட்டி, தண்ணீர் குடித்து, தீனி கேட்கும் நாயை ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். தின்றது நஞ்சன்று என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இது பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், விழுங்க முடியாமை ஆகியவை வெறிநோய்க்கும் உரியவை. தடுப்பூசி போடாத நாய், தின்றதை யாரும் பார்க்கவில்லை என்றால் அதன் வாய்க்குள் கைவிடவே கூடாது. கடித்தாலோ புண்ணில் எச்சில் பட்டாலோ சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாயைக் காக்கப் போய் நாம் உயிர் இழக்கலாகாது.

வீட்டில் செய்யக் கூடாதவை

நஞ்சுண்ட நாய்க்கு உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நம் ஊர்களில் வழக்கம். வாந்தி வராமல் போனால் அந்த உப்பே இரத்தத்தில் கலந்து மூளையைப் பாதித்து வலிப்பு உண்டாக்கும். புளிக்கரைசலின் தீமையை மேலே கண்டோம். எண்ணெயும் பாலும் நஞ்சை முறிப்பதில்லை. மயங்கிய நாய்க்கு ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். அடுப்புக்கரி மருத்துவர் கொடுக்கும் மருந்துக்கரிக்கு ஈடாகாது.

மண்ணெண்ணெய், அமிலம், காரம் இவற்றைக் குடித்த நாயை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போன வழியே திரும்பும்போது அவை தொண்டையையும் நுரையீரலையும் இரண்டாம் முறை எரிக்கும். தள்ளாடும் நாய்க்கும் வலிப்பு வந்த நாய்க்கும் இது பொருந்தும். மற்ற நஞ்சுகளுக்கு வாந்தி எடுக்கவைப்பது நல்லதே. ஆனால் அதற்கு ஏற்ற ஊசி மருத்துவரிடம் உண்டு. தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் மிகுதி. அப்போதும் தின்றதில் பாதியளவே வெளிவரும் என்பதால் எஞ்சியதற்கு மருந்துக்கரியும் மாற்று மருந்தும் தேவைப்படுகின்றன. நாம் வீட்டில் கைவைத்தியம் பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து கழிகிறது.

செய்ய வேண்டியவை

முதலில் எஞ்சிய நஞ்சை நாய்க்கு எட்டாமல் அகற்ற வேண்டும். வாயைச் சுற்றி ஒட்டியிருப்பதைக் கையுறையோ நெகிழிப் பையோ அணிந்து துடைக்க வேண்டும். மேலே பூச்சி மருந்து சிந்தியிருந்தால் சோப்பு நீரால் கழுவ வேண்டும். மருந்தின் அட்டை, புட்டி, மாத்திரைப் பட்டை எதுவானாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாத செடியென்றால் ஒரு கிளையை ஒடித்துக்கொள்ளலாம். வாந்தியில் கட்டியோ நிறமோ தெரிந்தால் அதையும் பையில் மூடி எடுத்துச் செல்லலாம். பாஸ்பைடு என்று ஐயமிருந்தால் அதை விட்டுவிட்டு நிழற்படம் எடுத்துக்கொண்டால் போதும். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே புறப்பட வேண்டும்.

அட்டையைக் கொண்டு செல்வது சிறு செயலாகத் தோன்றும். ஆனால் பூச்சி மருந்துக்கு அட்ரோபின், எலிக் கட்டிக்கு வைட்டமின் கே1, பாராசிட்டமாலுக்கு அசெட்டைல்சிஸ்டீன் என்று மாற்று மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. பாஸ்பீனுக்கோ தனி மாற்று மருந்தே இல்லை. உடலைத் தாங்கிப் பிடிக்கும் மருத்துவம்தான் உண்டு. எதைத் தின்றது என்று தெரியாத மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். பனிப்புயலில் பால் கேனோடும் புல்லோடும் வந்த அந்த உழவர் படிப்பாளியல்லர். ஆனால் நோயோடு நோயின் காரணத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால், எலி மருந்து, பூச்சி மருந்து, மனிதர் மாத்திரை, அரளி, ஆமணக்குப் புண்ணாக்கு, திராட்சை, சைலிட்டால் இவற்றில் ஒன்றைத் தின்றது தெரிந்தால், நாய் துள்ளி விளையாடினாலும் உடனே செல்ல வேண்டும். சாக்லேட், வெங்காயம் என்றால் எடையையும் அளவையும் கணக்கிட்டு முடிவு செய்யலாம். கணக்குப் போட முடியாவிட்டால் தொலைபேசியிலேனும் மருத்துவரைக் கேட்க வேண்டும். தின்றது தெரியாவிட்டால் அறிகுறியைப் பார்த்து நடக்க வேண்டும்.

வீட்டில் ஒரு தாளில் நாயின் எடையையும், அருகிலுள்ள கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தையும், விடுமுறை நாளிலும் இரவிலும் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கலாம். எலி மருந்து வைப்பவர்கள் அதை எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள் வைத்து, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிடலாம். வயலில் வைத்தால், செத்த எலிகளை எடுத்துப் புதைத்துவிட வேண்டும். அவற்றைத் தின்னும் நாயும் ஆந்தையும் அதே நஞ்சால் மடியும்.

வகுப்பில் நாம் நொதியையும் நரம்பையும் இரத்த உறைவையும் தேர்வுக்காகப் படிக்கிறோம். நம் ஊரில் இவற்றைப் படித்தவர்கள் சிலரே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தெருவில் யாராவது ஒருவர், "நாய் எலி மருந்தைத் தின்றுவிட்டது; ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். "நன்றாக இருக்கும்போதே கொண்டு போங்கள், அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல நம்மால் முடியும்.